அம்மாக்களுக்கு அனுமதி இல்லை!

அப்பாவும் பிள்ளையும் ஜோடியாகத்தான் வரவேண்டும். பிள்ளையை வாசலில் இறக்கி விட்டுவிட்டு, "எட்டு மணிக்கு வந்து அழைச்சுக்கிட்டுப் போறேன்" என்று நழுவ முடியாது. அம்மாவுக்கு? அன்றைக்கு லீவு!

இப்படி ஒரு சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. சிகாகோ பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில் என் கணவரும் ஏழு வயது மகனும் ஒரு வருஷம் இதில் இருந்தார்கள். கதவுக்கு வெளியே இருந்தவள் நான். அதனாலேயே சில விஷயங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தன.

சங்கத்தின் பூர்வகதை சுவாரசியமானது. செயின்ட் லூயிஸ் நகர ஒய்.எம்.சி.ஏ.யில் வேலை பார்த்த ஹரோல்ட் கெல்ட்னர் என்பவர் கனடாவுக்கு வேட்டையாடப் போனபோது, ஜோ ஃப்ரைடே என்ற ஒஜிப்வே பழங்குடி வழிகாட்டியைச் சந்தித்தார். எங்கள் மக்களிடம் பையனை வளர்ப்பது அப்பா. காட்டையும் மீனையும் அவர்தான் சொல்லித் தருவார். உங்கள் நகரத்தில் அதையும் அம்மா தலையில் கட்டிவிடுகிறீர்களே என்கிற பொருளில் ஃப்ரைடே பேசினாராம். கெல்ட்னருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. இருவருமாக 1926-ல் 'இந்தியன் கைட்ஸ்' என்று தொடங்கினார்கள். நெடுங்காலம் அப்பாவும் பிள்ளையும் தலையில் இறகு செருகி, பழங்குடிப் பெயர் வைத்துக்கொண்டு கூடுவது வழக்கமாக இருந்தது. ஒரு ஜனத்தின் அடையாளத்தை வேஷமாகப் போடலாமா என்ற ஆட்சேபம் வலுத்தது. 2003-ல் ஒய்.எம்.சி.ஏ. பெயரை 'அட்வெஞ்சர் கைட்ஸ்' என்று மாற்றியது. மாற்றியது நியாயம்தான் என்பேன். ஆனால் ஃப்ரைடேயின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விடுவது நியாயமில்லை.

என் கணவர் லேசில் சம்மதிக்கவில்லை. "ஆபீஸிலிருந்து வர்றதே ஏழு மணி. இதுல சங்கம் வேறயா?" என்றார். மகன்தான் பள்ளிக்கூட நண்பனைப் பார்த்து அடம் பிடித்தான். செப்டம்பரில் சேர்ந்தார்கள். ஏழு அப்பாக்கள், ஏழு பையன்கள். மாதம் இரண்டு முறை, முறை வைத்து ஒவ்வொருவர் வீட்டில் கூட்டம். ஒரு பையனுக்கு அப்பா இல்லை. அவன் தாத்தாவோடு வந்தான். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

கூட்டத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பையனும் எழுந்து நின்று, போன கூட்டத்துக்கு அப்புறம் அப்பாவோடு சேர்ந்து என்ன செய்தான் என்று சொல்லவேண்டும். முதல் கூட்டத்தில் என் மகன் எழுந்து, "அப்பா கார் ஓட்டினார். நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்" என்றானாம். என் கணவர் இதை வந்து சொல்லிவிட்டு, ராத்திரி இரண்டு தோசைக்கு மேல் சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாகச் சைக்கிளுக்குப் பங்க்சர் ஒட்டினார்கள்.

அக்டோபரில் முகாம். மரக் குடில், அடுக்குக் கட்டில், இரவில் நெருப்பு மூட்டி உட்காருவது. நெருப்பில் வாட்டித் தின்ன மார்ஷ்மெல்லோ என்று வெள்ளை மிட்டாய் கொடுப்பார்கள். சைவக் குடும்பத்துச் சகோதரிகள் கவனிக்க: சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. அது மாட்டின், பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் இல்லாததும் கடையில் கிடைக்கிறது. ஒரு பாக்கெட் பையில் வைத்தனுப்பினேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்துக் காடுகளில் மான் உண்ணி என்ற சிறு பூச்சி, எள்ளளவுதான் இருக்கும். கடித்தால் சில சமயம் லைம் நோய் வரும். முகாம் முடிந்து வந்தவுடன் குளிக்கச் சொல்லி, காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புள், முழங்கால் மடிப்பு, தலைமுடி என்று தேடிப் பார்க்கவேண்டும். ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் கூடாது. எடுத்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ கண்டால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். இந்தத் தேடல் அதுவரை என் வேலை. அந்த ஞாயிறு பாத்ரூமிலிருந்து, "அப்பா பார்த்துட்டாரும்மா!" என்று குரல் வந்தது.

நவம்பரில் ஏழை வீடுகளுக்காக டின் உணவு சேகரித்தார்கள். டிசம்பரில் பனி, அதிகம் நடக்கவில்லை.

ஜனவரியில் வந்தது மரக்கார் பந்தயம். ஏழு அங்குலப் பைன் கட்டை ஒன்று, நாலு சக்கரம், அச்சுக்கு நாலு ஆணி. இதைச் செதுக்கிக் காராக்கி, சரிவான தடத்தில் விடவேண்டும். எஞ்சின் கிடையாது. எடை ஐந்து அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம் தாண்டக் கூடாது. 1953-ல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் டான் மர்ஃபி என்ற அப்பா ஆரம்பித்தது இது. பையன்கள் ஏறி ஓட்டும் பெரிய வண்டிப் பந்தயத்துக்குத் தன் மகனுக்கு வயது போதவில்லையே என்று, சாரணர் சிறுவர்களுக்காக யோசித்தாராம். பிறகு மற்றச் சங்கங்களும் எடுத்துக்கொண்டன.

மூன்று வாரம் எங்கள் வீட்டுக் கராஜில் உப்புத்தாள் சத்தம். ஆணியில் கிராஃபைட் பொடி தடவினால் வேகம் கூடும் என்று மகன் எனக்குப் பாடம் எடுத்தான்! கட்டையை ரம்பத்தால் அறுத்தது மட்டும் அப்பா; மற்றதெல்லாம் பையன். கோணலாக வந்தது. சரிசெய்ய என் கணவருக்குக் கை துறுதுறுத்ததைப் பார்த்தேன். கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பந்தயத்தன்று வந்த சில கார்கள் கடையில் வாங்கியது போலப் பளபளத்தன. அவற்றின் சொந்தக்காரப் பையன்கள் கார் பக்கமே போகவில்லை, பாவம். எங்கள் கார் கடைசிக்கு முந்தியது. வழியெல்லாம் அழுகை, அப்புறம் ஐஸ்கிரீம்.

அந்த வழியில்தான் அவன் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் இரண்டு பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்களாம். மாதக்கணக்காக நடக்கிறதாம். என்னிடம் சொல்லவில்லை. சமைப்பவள் நானாயிற்றே, நான் வருத்தப்படுவேன் என்று மறைத்திருக்கிறான்! என் கணவர் என்னிடம் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதுவரை "அப்பாகிட்ட நீ சொல்லும்மா" என்று அவன் சமாசாரமெல்லாம் என் வழியாகத்தான் போகும். முதல் தடவையாக எதிர்ப்பக்கமாக வந்தது. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். மறுநாள் அவர் ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஆசிரியையைப் பார்த்துப் பேசினார். நான் கூடப் போகவில்லை.

மே மாதம் கடைசிக் கூட்டம் எங்கள் வீட்டில். சுண்டலும் எலுமிச்சை ஜூஸும் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். "அம்மா, கதவையும் சாத்திக்கோ" என்றான்! கீழே பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பேசும் குரல் மட்டும் கேட்டது. என் மகனுடைய முறை மற்றவர்களைவிட நீண்டுகொண்டே போனது.

அட்வெஞ்சர் கைட்ஸில் அப்பா–மகள் குழுக்களும் உண்டு. சின்னவளுக்கு வருகிற செப்டம்பரில் ஐந்து வயது. பிங்க் நிறத்தில் கார் செய்யப்போவதாக அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். உப்புத்தாளையும் எடுத்துத் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுவிட்டாள்.