இரைப்பை சிறுத்தவர்களின் சபை

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது நம்மவர் நாவில் நாளும் பயிலும் பழமொழி. பிறர் துன்பத்தை உணராதவரைக் கடிந்துரைப்பதற்கே நாம் அதனைப் பெரும்பாலும் எடுத்தாளுகின்றோம். ஆயினும் அப்பழமொழிக்கு மற்றொரு முகமும் உண்டு. தலைவலி வந்து தெரிந்துகொண்ட ஒருவர், அதே தலைவலியோடு வாடும் இன்னொருவருக்கு, வைத்தியராலும் உற்றாராலும் ஆற்றமுடியாத ஓர் உதவியைச் செய்ய வல்லவராகின்றார். இஃது எங்ஙனம் என்பதைக் காண விரும்புவோர், உடற்பருமனைக் குறைக்கும்பொருட்டு இரைப்பையிற் சத்திர சிகிச்சை செய்துகொண்டவர்கள் மேனாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்றுகூடி நடத்தும் கூட்டங்களை நோக்குதல் வேண்டும்.

அச்சிகிச்சை யாது என்பதை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1954ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்துச் சத்திர வைத்தியர்கள், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாது கடந்து செல்லுமாறு இணைப்பை மாற்றும் முறையொன்றை வெளியிட்டனர். உடல் மெலிந்தது உண்மையே. ஆனால் ஈரற்கேடு, ஊட்டக்குறைவு முதலிய தீங்குகள் மலிந்தமையால் அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது. 1966இல் அயோவாப் பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வேர்ட் மேசனும் டாக்டர் சிக்காஷி ஈட்டோவும் வேறு வழி கண்டனர். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்தே இருந்தமை மேசனின் கருத்தை ஈர்த்திருந்தது. அவ்வழியில் வளர்ந்த சிகிச்சையில், இரைப்பையின் மேற்பகுதியில் கோழிமுட்டையினும் சிறிய பையொன்று அமைக்கப்பட்டுக் குடலோடு நேரே இணைக்கப்படுகின்றது. இக்காலத்தில் மிகுதியாகச் செய்யப்படும் மற்றொரு முறையிலோ, இரைப்பையின் முக்காற் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட, வாழைப்பழம் போன்ற குழாயொன்றே எஞ்சுகின்றது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹோர்மோனை 1999இல் யப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் சுரப்பது வெட்டி அகற்றப்படும் அப்பகுதியிலேதான். ஆதலாற் பசியும் சில காலம் அடங்கிவிடுகின்றது.

பசி அடங்கினால் யாவும் அடங்கிவிடும் என எண்ணுதல் தவறு. முதற் சில வாரங்கள் நீராகாரம். பின்னர்க் குழைத்த உணவு. அதன்பின்னரே மென்மையான திண்பொருள். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். உண்ணும்போது நீர் அருந்தலாகாது. உண்டபின்னும் அரைமணி நேரம் பொறுத்தே அருந்தவேண்டும். நமக்கு மிகவும் எளிய உணவாகத் தோன்றும் சோறும் பாணுமே அவர்களிற் பலருக்கு நெஞ்சில் அடைத்துக்கொள்வன. புதிய வழி இணைத்தவர்கள் இனிப்பைச் சற்றே கூடுதலாக உண்டுவிட்டால், உடல் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலைசுற்றிப் படுக்கவேண்டிய நிலை வரும். மூன்றாம் மாதமளவில் தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிரும். பெரும்பாலும் அது மீண்டும் வளரும் என்பது அவ்வேளையில் நினைவுக்கு வருவதில்லை. இரும்பு, கல்சியம், விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றை ஆயுட்காலம் முழுவதும் மாத்திரைகளாகக் கொள்ளவேண்டும். ஓயாது வாந்தி எடுப்பவர் உடனே வைத்தியரிடம் ஓடவேண்டும். தயமின் என்னும் விற்றமின் குறைந்து நரம்பும் மூளையும் பழுதுறுதல் கூடும்.

இவையெல்லாம் வைத்தியர் தரும் கடதாசியில் அச்சிடப்பட்டிருக்கும். அச்சிடப்படாதனவும் சில உண்டு. துயர் வந்தபோதும் களிப்பு வந்தபோதும் உணவையே துணையாகக் கொண்டிருந்த ஒருவருக்கு, அத்துணை திடீரெனப் பறிபோய்விடுகின்றது. கண்ணாடியில் நிற்பவர் யாரோ ஒருவர். மனமோ பழைய பருத்த உடலையே சுமந்து திரிகின்றது. வாயிற்படியைக் கடக்கையில் இன்னும் பக்கவாட்டாகத் திரும்புவோர் உளர். மெலிந்த தோல் மடிமடியாகத் தொங்குகின்றது. “முயற்சி செய்யாமற் கத்தியால் மெலிந்தவர்” என்ற பழிச்சொல்லும் கேட்கவேண்டியிருக்கின்றது. இச்சொல் அறியாமையினாற் பிறப்பது என்பது எமது துணிபு. மேலே கூறிய ஒழுங்குகளை ஒரு கிழமையேனும் கைக்கொண்டு பார்த்தவர் எவரும் இதனை இலகுவான வழி என்று சொல்லார்.

நோயாளர் நோயாளர்க்கே துணையாகும் வழக்கம் இச்சிகிச்சையோடு பிறந்ததன்று. 1905ஆம் ஆண்டில் பொஸ்டன் நகரத்து டாக்டர் ஜோசப் பிறாற் என்பவர், வறிய சயரோகிகளை வாரந்தோறும் ஒரு வகுப்பாகக் கூட்டினார். அவர்தம் நோக்கம் சுகாதாரம் போதிப்பதே. ஆயின், போதனையிலும் பார்க்க அவர்கள் ஒருவரையொருவர் கண்டு தேறியதே பெரும் மருந்தாயிற்று என்பதைப் பின்னர் உணர்ந்தார். அவ்வகுப்பில் ஒருவரின் எடை ஏறியபோது அனைவரும் மகிழ்ந்தனர். இன்றைய கூட்டங்களில் இறங்கும்போது மகிழ்கின்றனர். காலத்தின் கோலம்! அதே நகரில் 1951இல், டாக்டர் டுவைற் ஹார்க்கன் என்னும் சத்திர வைத்தியரிடம் இருதய சிகிச்சை பெற்றுப் பிழைத்த நால்வர் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். சிகிச்சைக்குக் காத்திருப்போரிடம் சென்று, “நானும் இக்கட்டிலிற் படுத்தவன்தான்” என்று சொல்வதே அவர்களின் தொண்டு. 1961இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஜீன் நிடெச் என்ற குடும்பப் பெண், ஒளித்துவைத்து உண்ணும் தம் பழக்கத்தைச் சில தோழியரைத் தம் வீட்டிற்கு அழைத்து மனந்திறந்து கூறினார். அவர்களும் தத்தம் இரகசியங்களைக் கூறினர். அச்சிறு கூட்டமே இரண்டாண்டுகளில் ஒரு பெரிய நிறுவனமாக உருவெடுத்தது.

சத்திர சிகிச்சை பெற்றோரின் கூட்டம் இவற்றின் வழித்தோன்றலே. கைப்பிடியில்லாத அகன்ற கதிரைகள் வட்டமாக இடப்பட்டிருக்கும். முதன்முறை வருபவர்க்கு அக்கதிரையே பாதி ஆறுதல். நாளைக்குச் சிகிச்சைக்குச் செல்லவிருப்பவரும், ஆறு கிழமை கழிந்தவரும், பத்தாண்டு கடந்தவரும் அருகருகே அமர்வர். பேசப்படுவன பெரிய தத்துவங்கள் அல்ல. எந்த மாத்திரை வயிற்றைக் குமட்டாது, புரத உணவை எவ்வாறு விழுங்குவது, கலியாண வீட்டில் என்ன சொல்லித் தப்புவது என்பனவே. மயிர் உதிர்கிறதென்று அழும் ஒருத்திக்கு, அடர்ந்த கூந்தலோடு எதிரே அமர்ந்திருக்கும் இன்னொருத்தி மறுமொழியாகின்றாள். இதனை எந்த வைத்தியர் செய்யவல்லார்?

இது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு ஒரு சான்று கூறவேண்டும். நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், இச்சிகிச்சை பெற்ற 8,815 பேரை, சிகிச்சைக்கு முன் மூன்றாண்டுகளும் பின் மூன்றாண்டுகளும் ஆராய்ந்தனர். தமக்குத் தாமே தீங்கிழைத்து அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட நிகழ்வுகள், பிந்திய காலத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிருந்தன. அவ்வாறு வந்தோர் மொத்தம் 111 பேர்; நூற்றுக்கு ஒருவர் என்ற அளவே. ஆதலின் அஞ்சி ஒதுங்கவேண்டியதில்லை. கவனிக்கத்தக்கது யாதெனில், அவற்றுட் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தமைதான். முதலாண்டில் எடை விரைந்து குறைகின்றது. காண்போர் எல்லாரும் பாராட்டுகின்றனர். அதன்பின் எடை ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது, சிலரிடம் சற்றே ஏறவும் செய்கின்றது. ஆஸ்பத்திரிக்குச் செல்லும் தவணைகளும் அருகிவிடுகின்றன. பாராட்டு ஓய்ந்து, வைத்தியரும் தூரமாகிய அந்தக் காலத்திலேதான் ஆள் தேவைப்படுகின்றது.

சுவீடன் தேசத்தில் 1987இல் தொடங்கிய பேராராய்ச்சியொன்று, இச்சிகிச்சை பெற்றோரிடையே மரண விகிதம் குறைந்தமையை 2007இற் காட்டியது. அங்கிருந்தே 2018இல் மற்றொரு செய்தியும் வந்தது. சிகிச்சை பெற்றோரில் தனித்திருந்தவர்களுக்குப் புதிய உறவுகள் கூடுதலாக வாய்த்தன. மணவாழ்க்கையில் இருந்தோரிடையே பிரிவும் கூடுதலாயிற்று. ஒருவர் உடல் மாறும்போது வீட்டிலுள்ள மற்றவரின் இடமும் அசைகின்றதன்றோ? ஆகவேதான் விவேகமான கூட்டங்கள் கணவன்மாரையும் மனைவியரையும் இடையிடையே உடன் அழைக்கின்றன.

கூட்டங்களிற் குறையே இல்லை என்று புகழ்வதற்கில்லை. கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்தோர் சற்றுக் கூடுதலாக மெலிந்தனர் எனப் பல ஆராய்ச்சிகள் கூறும். எனினும், கூட்டம் அவர்களை மெலிவித்ததோ, ஊக்கமுள்ளவர்களே கூட்டத்துக்கு வந்தனரோ என்பது அவற்றால் தெளிவாகவில்லை. “எனக்கு விற்றமின் இல்லாமலே சுகம்தான்” என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் நம்பி மாத்திரையை நிறுத்துதல் கொடிய தீங்கு. யார் எத்தனை கிலோ இழந்தார் என்ற போட்டி மூண்டுவிட்டாலோ, எடை மீண்டும் ஏறியவர் வெட்கி வராது நின்றுவிடுவார். அவருக்கே கூட்டம் மிகவும் வேண்டியது. நிறுவையை அறைக்கு வெளியே வைத்துவிடுதல் நன்று என்பது எமது கருத்து.

நம் வீடுகளுக்கும் இது தொலைவான செய்தியன்று. இச்சிகிச்சை இலங்கையிலும் செய்யப்படுகின்றது. கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துவரும் சுட்டெண் 35ஐ எட்டியோர்க்கு இதனைப் பொதுவாகப் பரிந்துரைத்த சர்வதேச நிபுணர்கள், 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், ஆசிய மக்களுக்கு 27.5இலேயே வழங்கலாம் என்றனர். குறைந்த பருமனிலேயே சலரோகம் எம்மவரைப் பற்றிக்கொள்வதே காரணம். ஆனால் எமது பந்தியோ வேறு விதம். விருந்தினர் கை ஓய்ந்தால் உபசரிப்பவர்க்கு மனம் ஓயாது. “என்ன, குருவி மாதிரிக் கொறிக்கிறியள்! இன்னும் ஒரு அகப்பை போடட்டே?” என்று மாமி கேட்கும் அன்பின் முன்னே, முட்டையளவுகூட இல்லாத இரைப்பையுடையவர் என்ன விடை கூறுவார்? மறுத்தால் மனவருத்தம், உண்டால் வாந்தி. அத்தகையவர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், சிறிய தட்டில் ஒரு கரண்டி பருப்பும் மீனும் வைத்துவிட்டு, உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது ஊர்ப்புதினம் பேசுங்கள். வேண்டுமாயின், அதே சிகிச்சை பெற்ற இன்னொருவரை அறிந்திருந்தால், இருவரையும் ஒரு தேநீர் வேளையில் அறிமுகம் செய்துவையுங்கள். இருவர் கூடினாலும் அது கூட்டமே.

மேனாட்டுக் கூட்டங்கள் சிலவற்றில் அறையின் ஓரத்தில் நீண்ட மேசையொன்று இடப்பட்டிருக்கும். விரைந்து மெலிபவர்க்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடுப்பு அளவு மாறுமாதலால், புதிதாக வாங்கிக் கட்டாது. ஆகவே, தமக்குப் பெரிதாகிவிட்ட சட்டைகளையும் காற்சட்டைகளையும் ஒவ்வொருவரும் தோய்த்து மடித்து அம்மேசையில் வைக்கின்றனர். பின்னால் வருபவர் தம் அளவைத் தேடி எடுத்துச் செல்கின்றார். அவருக்கும் அது பெரிதாகும் நாளில், மீண்டும் தோய்த்து மடித்து அம்மேசைக்கே கொண்டுவருகின்றார்.