கோவளம் ஊராட்சி யாருக்கெல்லாம் வேலை செய்கிறது?

ஞாயிற்றுக்கிழமை இரவு கடைசிக் கார் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிய பிறகு கோவளத்தின் தெருக்களில் மிஞ்சுவது தண்ணீர் பாட்டில், பேப்பர் கப், மீன் வறுவல் தின்ற தட்டு. திங்கள் விடியலில் அவற்றை வாரி வண்டியில் போடுகிறவர்கள் தூய்மைக் காவலர்கள். அவர்களுடைய மாத மதிப்பூதியத்தை 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2022-ல் வந்தது. சென்னை ஒரு மாலையில் போட்டுவிட்டுப் போவதை ஒரு கிராம ஊராட்சி வாரம் முழுக்க அள்ளுகிறது.

கோவளம் செங்கல்பட்டு மாவட்டத்தில், திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். மீனவர் குப்பம், தமீம் அன்சாரி தர்கா, கார்மேல் மாதா கோயில், அலைச்சறுக்குப் பள்ளி, நட்சத்திர ஓட்டல் எல்லாம் ஒரே கரையில் இருக்கின்றன. 2021-ல் இதன் கடற்கரைக்கு, தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்தச் சான்றை முதலில் பெற்றது இந்தக் கரைதான். நீலக்கொடிப் பகுதியைப் பராமரிக்கத் தனி ஏற்பாடு உண்டு. அதைத் தாண்டிய தெருவும் சாக்கடையும் ஊராட்சியின் தலையில்.

எந்த வேலை யாருடையது என்ற குழப்பத்தில்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி தெருவிளக்கு, குடிநீர், குப்பை, வடிகால், ஊருக்குள் உள்ள சாலை, சுடுகாடு ஆகியவை கிராம ஊராட்சியின் கடமை. விளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் போய் நிற்க வேண்டிய இடம் பஞ்சாயத்து ஆபீஸ். ஒன்றியச் சாலைக்கும் ஒன்றியப் பள்ளிக் கட்டடத்துக்கும் திருப்போரூர் போக வேண்டும். பட்டாவுக்கு வருவாய்த் துறை, படகுக்கும் வலைக்கும் மீன்வளத் துறை. கடலோரத்தில் சுவர் எழுப்பினால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் குறுக்கே வரும்.

ஊராட்சித் தலைவர்தான் செயல் அலுவலரும். ஆனால் அவர் தனியாகப் பணம் எடுக்க முடியாது. துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். தவறைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. இருவருக்கும் ஒத்துப்போகாத ஊர்களில் மோட்டார் பழுதுபார்க்கும் பணம்கூட மாதக்கணக்கில் நின்றுவிடும்.

தலைவரே இல்லாத காலத்தையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2016 அக்டோபரில் பழைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் இங்கே நடந்தது 2021 அக்டோபரில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்கள் கையில் போயின. குழாயடியில் நின்றபடியே வார்டு உறுப்பினரைப் பிடித்துக் கேட்கும் உரிமை, ஒரு முழுப் பதவிக்கால அளவுக்கு மக்களிடம் இல்லாமல் போனது. இதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் ஆகியவை சொந்த வருவாய். மீதி, மாநில, மத்திய நிதிக்குழு மானியங்கள். 15-ஆவது நிதிக்குழு, தன் மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று விதித்தது. இந்த மானியங்களைப் பங்கிடும்போது முதன்மையாகப் பார்ப்பது அங்கே குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. அதற்கு எடுத்துக்கொண்ட மக்கள்தொகைக் கணக்கோ 2011-ஆம் ஆண்டினுடையது. கோவளத்தின் சுமையோ வந்து போகிறவர்களால் கூடுகிறது. சனி, ஞாயிறுகளில் வரும் சுற்றுலாப் பயணியும் தர்காவுக்கு வரும் யாத்ரீகரும் எந்தக் கணக்கெடுப்பிலும் கோவளத்துக்காரர் இல்லை. ஆனால் அவர்கள் குடித்த தண்ணீரும் போட்ட குப்பையும் கோவளத்துடையவை. சுற்றுலா ஊர்களுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று கேட்பது நியாயம்.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் சுமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தாம்பரத்துக்குக் கிழக்கே செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் ஒன்றுக்கொன்று வழிந்து பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு என்று போய், கோவளத்தை ஒட்டிய முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது அந்த நீர். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துப் பிறந்த தாம்பரம் மாநகராட்சியும் சென்னை மாநகராட்சியின் தென்பகுதியும் வடிகாலில் விடுவதில் ஒரு பகுதி கடைசியில் இந்த ஊரின் வாசலுக்கு வருகிறது. மேலே நடப்பதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கீழே இருக்கும் ஊராட்சிக்குக் கிடையாது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் அதை வெட்டிவிடுவதற்கும் நீர்வளத் துறையைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. 2024-ல் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. இரண்டும் சென்னைக் குடிநீர் வாரியம் நகரத்துக்காகக் கட்டியவை. அதே கடலை ஒட்டிய ஊராட்சிகளோ உப்பேறும் நிலத்தடி நீரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் ஊர்க்காரர் கையில் இருக்கும் கருவி கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நான்காக இருந்த கூட்டங்கள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாகியுள்ளன. 3,000-க்கு மேல் 10,000 வரை மக்கள் வாழும் ஊராட்சியில் 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அங்கே வரவு செலவைக் கேட்கலாம். முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும், வார இறுதிக் குப்பைக்குத் தனி நிதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். உங்கள் தீர்மானம் பதிவேட்டில் எந்த வார்த்தைகளில் ஏறியிருக்கிறது என்று சபை முன் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.