மூன்றரை நொடியில் 206 கிலோமீட்டர்

ஒரு பொருளின் வேகத்தையோ திசையையோ மாற்ற விசை வேண்டும். பொருளின் நிறையை அது பெறும் முடுக்கத்தால் பெருக்கினால் அதன்மேல் செயல்படும் நிகர விசை கிடைக்கும். பள்ளியில் நியூட்டனின் இரண்டாம் விதியாகப் படிப்பது இதுதான். ஆனால் 1687-இல் வெளிவந்த 'பிரின்சிபியா'வில் இந்தச் சமன்பாடு இதே வடிவில் இல்லை. இப்படி எழுதும் வழக்கம் வேரூன்றியதில் 18-ஆம் நூற்றாண்டின் ஆய்லருக்குப் பெரும் பங்குண்டு.

இவ்விதியை உடம்புக்கே உணர்த்திய இயந்திரம் ஒன்று நியூஜெர்சியில் இருந்தது. ஜாக்சனிலுள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் 2005 முதல் 2024 வரை ஓடிய 'கிங்டா கா' ரோலர் கோஸ்டர், 139 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறி இறங்கியது. 2025 பிப்ரவரியில் அக்கோபுரம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நின்ற நிலையிலிருந்து 3.5 நொடியில் மணிக்கு 206 கி.மீ. வேகம், அதாவது நொடிக்கு 57 மீட்டர். சராசரி முடுக்கம் 16 மீ/நொடி² அளவு வருகிறது. 70 கிலோ நிறையுள்ள பயணிக்கு இந்த முடுக்கத்தைத் தர ஏறத்தாழ 1,140 நியூட்டன் விசை தேவை. அவருடைய எடையோ 686 நியூட்டன்தான். அவரைத் தாங்கும் இருக்கையைவிட அதன் முதுகுப்பலகைக்கே வேலை அதிகம். யாரோ பின்னால் இழுப்பதுபோல் தோன்றினாலும் அப்படி ஒரு விசை கிடையாது. முதுகுப்பலகை அவரை முன்னால் தள்ளுகிறது, அவ்வளவே.

அழுத்தப்பட்ட நைட்ரஜனில் சேமித்த ஆற்றல் ஹைட்ராலிக் மோட்டார்களை ஓட்ட, அவை உருளையில் கம்பிவடத்தைச் சுற்றி ரயிலை இழுத்தன. இங்கே நிறை முக்கியமாகிறது. கணக்குக்காக, காலி ரயில் 10 டன் என்று கொள்ளலாம். அதற்கு 1,63,000 நியூட்டன் போதும். 70 கிலோ வீதம் 18 பேர் ஏறினால் 1,260 கிலோ கூடுகிறது. அதே விசை அதே 3.5 நொடி இழுத்தால் முடுக்கம் 14.5-ஆகவும் வேகம் மணிக்கு 182 கி.மீ. அளவுக்கும் குறையும். உராய்வும் காற்றுத்தடையும் இல்லையென்றாலும் அந்த வேகம் 131 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்றாது.

உச்சியைத் தொடாமல் ரயில் பின்னோக்கி இறங்கியது கிங்டா காவில் உண்மையிலேயே சிலமுறை நடந்தது. அதற்கென்றே புறப்படும் தண்டவாளத்தில் காந்தத் தடைகள் இருந்தன. ரயில் கடந்ததும் அவை மேலெழுந்து நிற்கும். திரும்பி வரும் ரயிலின் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் விசை தந்து வேகத்தைக் குறைக்கும்.