ஒரு கையெழுத்து, ஒரு கையசைப்பு

பிள்ளையை ராணுவ அகாதெமியில் விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோருக்கும் அன்றைக்குத்தான் பயிற்சி தொடங்குகிறது

வருஷத்துக்கு இரண்டு முறை, ஜனவரிக் குளிரில் ஒரு தடவையும் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு தடவையும், புனே நகரிலிருந்து கடக்வாஸ்லாவுக்குப் போகும் சாலையில் ஒரு தனி ரகப் பயணிகளைப் பார்க்கலாம். வாடகைக் காரின் முன் சீட்டில் அப்பா. பின்னால் அம்மாவும் மகனும். மூவருமே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல்ல வேண்டிய புத்திமதிகள் எல்லாம் ரயிலிலேயே தீர்ந்துவிட்டன. சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு நாள் பயணம். அம்மாவின் மடியில் ஒரு முறுக்கு டப்பா. உள்ளே அனுமதிப்பார்களோ மாட்டார்களோ, கொண்டுவந்தாயிற்று.

கார் போய் நிற்கும் இடம் தேசிய பாதுகாப்பு அகாதெமி. 1949 அக்டோபர் 6 அன்று நேரு அடிக்கல் நாட்டிய இடம். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் அதிகாரிகளாகப் போகிறவர்கள் ஒன்றாகப் படித்து, ஒன்றாக வியர்வை சிந்தும் மூன்று வருஷங்கள் இங்கேதான். கிட்டத்தட்ட 7,000 ஏக்கர் வளாகம். நடுவே குவிமாடத்தோடு கம்பீரமாக நிற்கும் சூடான் பிளாக், இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்ட இந்திய வீரர்களின் நினைவாக சூடான் அளித்த ஒரு லட்சம் பவுண்டு நன்கொடையில் எழுந்தது. வருகிற பெற்றோர் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

சேரும்போது வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. அதாவது, ஓட்டுப் போடவோ சட்டப்படி கார் ஓட்டவோ முடியாத பையன்களும் இதில் உண்டு. அதனால்தான் சில காகிதங்களில் அவர்களுக்குப் பதிலாகப் பெற்றோர் கையெழுத்திட வேண்டியிருக்கிறது.

அந்தக் காகிதங்களில் ஒன்றை மட்டும் அப்பாக்கள் இரண்டு தடவை படிப்பார்கள். பயிற்சியின்போதோ அதன் விளைவாகவோ பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால் அரசிடம் நஷ்ட ஈடோ வேறு நிவாரணமோ கோர உரிமை இல்லை என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறேன் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். மத்திய அரசுத் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளிலேயே இடம்பெற்று வந்திருக்கும் நிபந்தனை இது. அறுவை சிகிச்சைக்கு முன் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குவார்களே, அதைப் போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே பிள்ளைக்கு நோய். இங்கே, பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று ராணுவ டாக்டர்களே சான்றளித்த பிறகு வாங்கும் கையெழுத்து.

இருந்தும் யாரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவதில்லை. எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை என்று பையன் தாண்டி வந்த வேலிகள் எத்தனை என்பது அவர்களுக்குத் தெரியும். தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தபோது தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தவர்கள்தான் அவர்கள். பெருமையும் பயமும் ஒரே வீட்டில் குடியிருப்பது எப்படி என்பதை அன்றிலிருந்தே பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

பழகியவர்களும் உண்டு. உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகரில் 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளி போன்றவற்றில் ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையைச் சேர்த்துவிட்ட பெற்றோர் அவர்கள். பத்து, பதினோரு வயதுப் பையனை ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கடக்வாஸ்லா இரண்டாவது பிரிவு. அவர்கள் நிதானமாக இருப்பதாகத் தோன்றும். முதல் தடவை பிள்ளையை வெளியே அனுப்புகிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். நேற்றுவரை காலையில் மூன்று தடவை எழுப்ப வேண்டியிருந்த பையன், நாளை முதல் விடியுமுன் எழுந்து மைதானத்தில் நிற்கப் போகிறான்.

உள்ளே போனதும் முதலில் போவது தலைமுடி. பிறகு நேரம். உடற்பயிற்சி, அணிவகுப்பு, நீச்சல், குதிரையேற்றம், இவற்றுக்கு நடுவே பட்டப் படிப்பு. வகுப்புக்குப் போவதுகூட அணியாகச் சைக்கிளில்தான். கைபேசியை நினைத்தபோது எடுத்துப் பேச முடியாது. பையனுக்கு அழுவதற்குக்கூட நேரம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறது அகாதெமி. பெற்றோருக்கு அந்த வசதி இல்லை. ஊர் திரும்பிய அம்மா பழக்கதோஷத்தில் ஒரு டம்ளர் அதிகமாக அரிசி களைகிறாள். அப்பா, மகனின் அறை விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னையே நொந்துகொள்கிறார். சாப்பிட்டானா, தூங்கினானா, கால் வலிக்கிறதா என்ற கேள்விகளுக்கு வாரக் கணக்கில் பதில் இல்லை. அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் பெற்றோருக்கான முதல் பாடம்.

அண்மைக் காலம் வரை இந்தப் பாடம் மகனைப் பெற்றவர்களுக்கு மட்டும்தான். சென்னையில் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமி 1992-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அங்கே போகிறவர்கள் பட்டம் முடித்தவர்கள். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு பெண்களும் கடக்வாஸ்லாவுக்குப் போக முடியும் என்ற நிலை வர, 2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த வருஷம் நவம்பரில் நடந்த தேர்வுக்கு விண்ணப்பித்த பெண்கள் 1,77,654 பேர். முதல் தொகுதிக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 19. மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பவே நூறு தடவை யோசிக்கும் நாட்டில், ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் முன்வந்தார்கள் என்றால், பல வீடுகளில் பழைய பயத்தைப் புதிய ஆசை வென்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? 2022 ஆகஸ்டில் உள்ளே போன அந்த முதல் தொகுதியில் 17 பேர், 2025 மே 30 அன்று முன்னூறுக்கும் மேற்பட்ட ஆண்களுடன் சேர்ந்து அணிவகுத்து வெளியே வந்தார்கள்.

அவர்கள் அணிவகுத்த மைதானத்தின் பெயரே ஒரு தந்தையின் கதையைச் சொல்லும். அது கேத்தர்பால் மைதானம். அருண் கேத்தர்பால் 1950-ல் புனேயில் பிறந்தவர். கடக்வாஸ்லாவில் பயின்றவர். சேர்ந்த படைப்பிரிவும் புனே பெயரைத் தாங்கிய பூனா ஹார்ஸ். அதிகாரியாகி ஆறே மாதத்தில், 1971 டிசம்பர் 16 அன்று, பசந்தர் டாங்கிப் போரில் உயிர் துறந்தார். வயது 21. பரம்வீர் சக்ரம் மறைவுக்குப் பின் வந்தது. அவருடைய தந்தையும் ராணுவ அதிகாரிதான். பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால். முப்பது வருஷம் கழித்து, 2001-ல், தாம் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். அப்போது வயது 81. அங்கே அவரை வீட்டில் தங்கவைத்து உபசரித்த பாகிஸ்தான் பிரிகேடியர் நாசர், அன்றைய போரில் உங்கள் மகன் என் கையால்தான் மாண்டான் என்ற உண்மையை அவரிடமே சொன்னார். அதைக் கேட்டபோது அந்த முதியவரின் மனதில் என்ன ஓடியிருக்கும்? போரின் விதிகள் தெரிந்த சிப்பாய் ஒருவர் அவருக்குள் இருந்தார். மகனைப் பறிகொடுத்த அப்பா ஒருவரும் இருந்தார். முன்னவர் அறிந்திருந்தது பின்னவருக்கு எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும் என்பதைப் பிள்ளை பெற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

போர்க்களத்தில் விழுந்தவனுக்குப் பதக்கம் உண்டு, மைதானத்துக்குப் பெயர் உண்டு. பயிற்சியிலேயே விழுந்தவனுக்கு? மூன்று அகாதெமிப் பருவங்களைத் தாண்டி, முதுகெலும்பிலோ தலையிலோ அடிபட்டு, சக்கர நாற்காலியில் வீடு திரும்பிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1985 முதல் பல்வேறு ராணுவ அகாதெமிகளிலிருந்து மருத்துவக் காரணங்களுக்காக வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 500 பேர் என்ற செய்தி வெளியானதும், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. பிரச்சினை எளிமையானது. அதிகாரியாகப் பதவியேற்கும் முன்பே விபத்து நேர்ந்ததால் இவர்கள் முன்னாள் படைவீரர்கள் அல்ல. எனவே அவர்களுக்குரிய மருத்துவ வசதி இல்லை. ஊனத்தின் அளவைப் பொறுத்து மாதாமாதம் ஒரு கருணைத் தொகை மட்டும் உண்டு. வழக்கு வந்த பிறகு முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அரசு முன்வந்தது. நல்ல தொடக்கம். ஆனால் அத்தனை வருஷங்களும் மகனைத் தூக்கிக் குளிப்பாட்டியது அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அதே கைகள்தான். பெற்றோர் நம்பிக் கொடுத்த கையெழுத்துக்கு எதிர்க் கையெழுத்துப் போட அரசு எடுத்துக்கொண்ட காலம் அதிகம்.

இதையெல்லாம் வாசலில் நிற்கும் பெற்றோரிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். தெரியாததல்ல. தெரிந்தும் அனுப்புகிறார்கள். வளாகத்திலிருந்து பார்த்தால் தெரியும் சிங்ககட் கோட்டையைப் பற்றி இந்த வட்டாரத்தில் ஒரு கதை சொல்வார்கள். 1670-ல் சிவாஜியின் அழைப்பு வந்தபோது தானாஜி மாலுசரே வீட்டில் மகனுக்குக் கல்யாண ஏற்பாடு. கோட்டைதான் முதலில் என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். கோட்டை கிடைத்தது, தானாஜி திரும்பவில்லை. அன்று தகப்பன் போனான், மகன் வாசலில் நின்றான். இன்று இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் விடுமுறைக்கு வீடு வரும் பையன் கறுத்து, மெலிந்து, நிமிர்ந்து நிற்கிறான். தட்டைத் தானே கழுவுகிறான். போர்வையை மூலைக்கு மூலை மடிக்கிறான். அம்மாவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மடிக்காத போர்வைக்காகத் திட்டிக்கொண்டிருந்த அந்தப் பையன் எங்கே போனான் என்ற ஏக்கமும் கூடவே வருகிறது. மூன்று வருஷ முடிவில் 'அந்திம் பக்' என்ற கடைசி அடியை எடுத்து வைத்து அவன் அகாதெமியைக் கடக்கும்போது பெற்றோர் பார்வையாளர் வரிசையில் இருப்பார்கள். இன்னும் ஒரு வருஷப் பயிற்சிக்குப் பின், தரைப்படையில் சேர்கிறவனாக இருந்தால், அவன் தோளில் நட்சத்திரம் பொருத்துவதும் அவர்கள்தான். நடுங்கும் விரல்களுக்கு அந்தச் சின்ன உலோகம் எளிதில் அகப்படாது.

ஆனால் அதற்கு இன்னும் வெகு நாள் இருக்கிறது. இப்போதைக்குப் பையன் ஒரு தடவை கையசைத்துவிட்டு, வரிசையில் போய் நின்றுகொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. கார் புனேயை நோக்கித் திரும்புகிறது. முன் சீட்டில் அப்பா. பின் சீட்டில் அம்மா மட்டும். முறுக்கு டப்பா அவள் மடியிலேயே இருக்கிறது. கொடுக்க மறந்துவிட்டாள்.