குழாயைப் பிளக்கும் பனிக்கட்டி
2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியது. மின்சாரம் தடைபட்டு வீடுகள் குளிர்ந்தன. பல வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் வெடித்தன. ஏன் தெரியுமா, மாணவர்களே?

நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. குழாய்க்குள் வளரும் பனிக்கட்டி, தனக்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையே சிக்கிய நீரை நெருக்குகிறது. அழுத்தம் தாங்காத இடத்தில் குழாய் பிளக்கிறது. பனிக்கட்டி உருகும்போதுதான் பெரும்பாலும் வெள்ளம் பாயும்.

அப்போது முதலில் வீட்டின் முதன்மை வால்வை மூடுங்கள். பிறகு திருகுகளைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுங்கள். மின்கருவிகளுக்கு அருகே தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள், பெரியவர்களை அழையுங்கள். உறைந்த குழாயை ஒருபோதும் நெருப்பால் சூடாக்காதீர்கள்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. கடுங்குளிர் இரவில் திருகைச் சற்றே திறந்து நீரைச் சொட்டவிட்டால், அழுத்தம் குழாய்க்குள் அடைபடாது.