கட்டத்துக்குள் அடங்காத தமிழ்



நம்மில் பலர் ஃபைனல் இயர் புராஜக்டுக்கு வெப்சைட் செய்கிறோம். அதில் ஒரு புகார்ப் படிவமோ கருத்துப் பெட்டியோ கட்டாயம் இருக்கும். "500 எழுத்துக்குள் எழுதவும்" என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த ஒரு வரியில் எவ்வளவு வில்லங்கம் இருக்கிறது என்பது நானே மாட்டிக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

தாடிக்கொம்பில் எங்கள் தெருவிளக்கு பற்றி ஓர் ஆன்லைன் படிவத்தில் மனு போட்டேன். செல்போனில் தனியாக டைப் அடித்து, பெட்டியில் பேஸ்ட் செய்தேன். நான் எண்ணியபடி முந்நூறு எழுத்துதான். தெருப்பெயர், கம்பத்தின் இடம், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் எல்லாம் சொல்லி, கடைசியில் "அந்த விளக்கு எரிவது கிடையாது" என்று முடித்திருந்தேன். போய்ச் சேர்ந்ததோ "அந்த விளக்கு எரிவது" வரைக்கும்தான்! "குறை என்னவென்று தெளிவாக இல்லை" என்று மனுவை முடித்துவிட்டார்கள். தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வாலை வெட்டினால் உயிரே போச்சு.

முந்நூறு எப்படி ஐந்நூறைத் தாண்டியது? "தாடிக்கொம்பு" என்பதை எண்ணுங்கள். தா, டி, க், கொ, ம், பு என்று நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் அகரமேறிய மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் உண்டு. அந்தக் கணக்கில் 12. யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 36 பைட்! ஒரே ஊர்ப் பெயருக்கு மூன்று கணக்கு. எஸ்.எம்.எஸ். கதையும் இதுதான். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து. தமிழுக்கு 16 பிட் என்பதால் 70 குறிகள்தான்.

அதற்காக வரம்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. லட்சம் வரியை ஒருவர் கொட்டினால் சர்வர் திணறும். ஆனால் வரம்பை எப்படிச் சொல்வது என்பதைத் தந்தி ஆபீஸிலிருந்து கற்கலாம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றுபோனது. அதுவரை கவுன்ட்டரில் வார்த்தைகளை எண்ணிக் கட்டணம் சொல்வார்கள். காசு கூடுதல் என்றால் எதை அடிப்பது என்று அனுப்புகிறவர்தான் முடிவு செய்வார். சொல்லாமல் வாலை வெட்டும் வழக்கமில்லை.

ஆகவே புராஜக்ட் செய்யும்போது நான்கு விஷயம் கவனியுங்கள்:

1. வரம்பை எழுதத் தொடங்கும் முன்பே காட்டுங்கள். மீதி எத்தனை என்பது டைப் அடிக்க அடிக்கத் தெரியட்டும்.

2. மனிதர் எண்ணுகிற எழுத்தையே எண்ணுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் 'லெங்த்' தரும் கணக்கு அது அல்ல. 'இன்ட்ல் செக்மென்டர்' கிட்டத்தட்ட நம் கணக்கைத் தரும். 'க்ஷ' போன்றவற்றை மட்டும் இரண்டாக எண்ணும்.

3. 'மேக்ஸ்லெங்த்' போட்டால், பேஸ்ட் செய்ததைப் பல பிரவுசர்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அதிகமானதைச் சிவப்பில் காட்டுங்கள், எழுதியவரே சுருக்கட்டும். தவறு என்று திருப்பி அனுப்பும்போது எழுதியதை அழித்துவிடாதீர்கள்.

4. டேட்டாபேஸில் தாராளமாக இடம் விடுங்கள். ஒரு தமிழ் எழுத்து பெரும்பாலும் 3 அல்லது 6 பைட். 500 எழுத்துக்கு 3000 பைட்டாவது வேண்டும். ஆரக்கிளில் 'வார்சார்2' அளவை வெறும் எண்ணாகக் கொடுத்தால், வழக்கமாக அது பைட் கணக்குதான். சர்வரிலும் பிரவுசரிலும் ஒரே விதியை வையுங்கள்.

லேபில் டெஸ்ட் செய்யும்போது 'ஏபிசி' என்று அடித்து, "சார், வேலை செய்யுது" என்று காட்டிவிடுகிறோம். இனிமேல் பெட்டி நிரம்பும்வரை நம் ஊர்ப் பெயரை அடித்துப் பார்ப்போம். நாம் செய்கிற பெட்டியில் நாளைக்கு மனு எழுதப்போவது நம் அம்மா அப்பாதான். அவர்கள் சொல்ல வந்தது முழுசாகப் போய்ச் சேரட்டும்!