சிறு குற்றத்தின் கறை நீங்குமா?

சிறு குற்றத்துக்குப் பெற்ற தண்டனையைச் சில ஆண்டுகளில் பதிவேட்டிலிருந்தே நீக்கும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தானால் குற்றவாளி என்ற பெயர் போகும்.

அடுத்தபடியாகக் கைகொடுப்பது 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் திருட்டு, ஏமாற்று போன்றவற்றிலோ 2 ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றத்திலோ சிக்கினால், நீதிமன்றம் அவரைக் கண்டித்து அனுப்பிவிடலாம். நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கவும் வழி உண்டு. பிணைக்காலம் 3 ஆண்டைத் தாண்டாது. இவர்களுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்கிறது 12ஆம் பிரிவு. அபராதமும் தண்டனைதான், ஆகவே ‘கட்டிவிட்டுப் போய்விடலாம்’ என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் இந்தச் சட்டத்தைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்டே ஆகவேண்டும்.

ஆனாலும் தீர்ப்பு அழிவதில்லை. அரசு ஊழியர்மீது துறை நடவடிக்கை வரலாம் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வேலை விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்கக் கூடாது. இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் சொல்லாமல் விட்டிருந்தால், அதை நிர்வாகம் பொறுத்துக்கொள்ளலாம் என்றது அதே நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு.

சிறாருக்குச் சட்டம் இன்னும் கனிவானது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அவர்களது ஆவணங்கள் அழிக்கப்படும். 16 வயதுக்கு மேற்பட்டோரின் சில கொடுங்குற்ற வழக்குகள் மட்டுமே விலக்கு.